மசியும் நீரும்: சேதுக்கரையிலிருந்து சீன ஓவியத்துக்கு ஒரு வழி



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "இராமநாதபுரத்தில் வந்து சீன ஓவியத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், மன்னார் வளைகுடாக் கரையில் இருக்கும் பெரியபட்டினத்தை அவருக்குப் பதிலாகச் சொன்னேன். 1980களில் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலுவும் அங்கே ஆய்வு செய்தார்கள். சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. இளம்பச்சை மெருகு பூசிய கிண்ணங்களின் உடைசல்களே அவற்றில் மிகுதி. பெரும்பாலானவை 13, 14ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. பாண்டியர் கல்வெட்டுகளில் பவித்திரமாணிக்கப்பட்டினம் என்று வரும் துறைமுகம் இதுதான் என்பது அறிஞர் கருத்து. 1349இல் வாங் தாயுவான் என்ற சீனப் பயணி எழுதிய நூலில் இந்தக் கரையின் துறை ஒன்று பேசப்படுகிறது. அதுவும் பெரியபட்டினமே என்றார் கராஷிமா.

ஆக, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே சீனத்துக் கிண்ணத்தில் சாப்பிட்ட ஊர் நம்முடையது. முத்தும் சங்கும் கிழக்கே போயின, பீங்கான் இங்கே இறங்கியது. அந்தக் கிண்ணத்தைச் சுட்ட காலத்தில் அதே நாட்டில் மசியையும் நீரையும் மட்டும் வைத்து ஓர் ஓவியக்கலை உச்சத்தில் இருந்தது. அந்தக் கலை மட்டும் கப்பல் ஏறவில்லை.

நம் நாட்டுக்கு அது வந்த வழி வேறு. 1902இல் கல்கத்தா வந்த ஜப்பானிய அறிஞர் ஒககுரா, அடுத்த ஆண்டு தைக்கான், ஷுன்சோ என்ற இரு ஓவியர்கள் வந்து தாகூர் வீட்டில் பழகக் காரணமானார். அவர்களிடம் கண்டதைத் தம் வழியில் மாற்றி, நீரில் தாளை நனைத்து நனைத்து வண்ணம் ஏற்றும் முறையை அவனீந்திரநாத் தாகூர் உண்டாக்கினார். அவருடைய மாணவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் 1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்குத் தலைமையேற்க வந்தவர். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் என்றால் உங்களுக்குத் தெரியும். ஓவியர் நந்தலால் போஸ் 1924இல் இரவீந்திரநாத்துடன் சீனம் போய்வந்தார். கடைசிக் காலத்தில் வண்ணத்தைக் குறைத்துக்கொண்டு மசியிலேயே நிறைய வரைந்தார். சீனத்தின் பெரிய ஓவியர் ஷூ பெய்ஹோங் 1939இல் சாந்திநிகேதன் வந்து தங்கினார். மலையைப் பெயர்க்கும் கிழவனின் கதையைச் சொல்லும் அவருடைய புகழ்பெற்ற பெரிய ஓவியம் 1940இல் இந்திய மண்ணில் உருவானதுதான். வங்கத்து வரலாறு இவ்வளவு போதும்.

நம் பக்கத்துக்கு இன்னொரு நெருக்கமான வழி உண்டு. இந்த அரங்கில் சிங்கப்பூரில் உறவினர் இல்லாத குடும்பம் குறைவாகத்தான் இருக்கும். 1999இல் அங்கே வெளிவந்த ஐம்பது வெள்ளி நோட்டு வீட்டில் கிடந்தால் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் கொடிகளுக்கு நடுவே இரண்டு கிப்பன் குரங்குகள். அவை சென் வென் ஷி சீன மசியில் வரைந்தவை. இந்தக் குரங்குகளை உற்றுப் பார்ப்பதற்காகவே வீட்டில் வளர்த்த மனிதர் அவர். பக்கத்தில், கருவாடு காயவைக்கும் பெண்கள். சியோங் சூ பியெங் 1978இல் துணியில் மசியும் வண்ணமும் கொண்டு தீட்டியது. நம் வீணையும் அதே நோட்டில் ஒரு ஓரத்தில் இருக்கிறது. தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் தினம் பார்க்கிற காட்சியைச் சீனத் தூரிகை எப்படிப் பார்க்கும் என்பதற்கு ஊரிலேயே பலர் சட்டைப்பையில் அத்தாட்சி வைத்திருந்திருக்கிறார்கள். நோட்டை மாற்றும்போது அன்றைய விலையைப் பார்த்தோம், படத்தைப் பார்க்கவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சீன மசி ஓவியம் என்றவுடன் மூங்கில், பைன் மரம், மேகம் சூழ்ந்த மலை என்று நினைக்கிறோம். அவை அந்த ஊர்ச் சரக்கு. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தூரிகையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்ற கணக்கும், தாளில் எவ்வளவு இடத்தைத் தொடாமல் விடுவது என்ற துணிவும். இவ்விரண்டும் கைவந்தால் இந்தக் கரையை அப்படியே வரையலாம்.

இரண்டாவதுதான் நமக்குக் கடினம். ஏன் என்று அறிய இராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் இராமலிங்க விலாசத்துக்குப் போங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துவிஜய ரகுநாத சேதுபதி காலத்துச் சுவரோவியங்கள் அவை. சேதுபதி அம்மனிடம் செங்கோல் பெறுகிறார். மராத்தியரோடு போர் நடக்கிறது. வெள்ளைக்காரர்கள் வந்து காணிக்கை தருகிறார்கள். இராமாயணமும் பாகவதமும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. சுவரில் கைகொள்ளும் இடம்கூடக் காலியாக இல்லை. ஆள் இல்லாத இடத்தில் பூ, பூ இல்லாத இடத்தில் கரை, அதுவும் இல்லாவிட்டால் தட்டையாக ஒரு வண்ணம். முதலில் கோடு, பிறகு கோட்டுக்குள் நிறம். அந்த மரபின் அழகே அந்த நிறைவுதான், அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அதே பழக்கம் பள்ளிக்கூட ஓவிய வகுப்பு வரை வந்திருக்கிறது. பென்சிலால் ஓரம் போடு, உள்ளே நிரப்பு, பின்னணியை வெறுமையாக விடாதே. வானம் என்றால் நீலம் பூசியே ஆக வேண்டும். பூசாமல் விட்ட பிள்ளைக்கு மதிப்பெண் குறைகிறது.

மசி மட்டும் நமக்குப் புதிதில்லை. சீன மசியின் மூலப்பொருள் பைன் கட்டையையோ எண்ணெயையோ எரித்துப் பிடித்த புகைக்கரி. அதை விலங்குப் பசையோடு பிசைந்து, அச்சில் அழுத்திக் காயவைத்தால் மைக்கட்டி. நாமும் விளக்குப் புகையைப் பிடித்துக் கண்ணுக்கு மை இட்டோம், ஓலைச் சுவடிக்கும் கரி தடவினோம். ஓலையில் எழுத்தாணி முதலில் கீறிவிடும். பிறகு கரியையும் இலைச்சாற்றையும் தேய்த்துத் துடைத்தால், கீறலுக்குள் நின்றது மட்டும் எழுத்தாகத் தெரியும். அங்கே கருமை ஒரே கருமைதான். கூடவோ குறையவோ அதற்கு வழியில்லை. சீனர்களிடம் இருந்த தாளோ மசியை உறிஞ்சிப் பரப்பியது. அதனால் ஒரே கரியில் பல கருமைகள் கிடைத்தன. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே மசிக்குள் ஐந்து நிறங்கள் உண்டு என்று எழுதிவைத்தார்கள்.

அந்த ஐந்தையும் வரவழைப்பதுதான் முதல் பாடம். ஒரே தாளில் ஐந்து கட்டம் போடுங்கள். நீரே சேராத கரும் மசி முதல் கட்டம். கழுநீர் மாதிரி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவு ஐந்தாவது. நடுவில் மூன்று படி. ஈரத்தில் பார்த்ததைவிடக் காய்ந்தபின் எல்லாமே வெளிறும். முதல் வாரம் முழுக்க இதையே செய்தாலும் வீணில்லை.

கருவிகளைப் பற்றி ஆசையோடு கேட்பீர்கள். மரபில் நான்கு: தூரிகை, மசி, தாள், உரைகல். தாளில் பெயர்பெற்றது ஷுவான் தாள். ஆன்ஹுயி மாகாணத்தில் நீலச்சந்தனம் என்று அவர்கள் சொல்லும் ஒரு மரத்தின் பட்டையோடு வைக்கோலும் சேர்த்துச் செய்வது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கைத்தொழில் அது. அதில் இரு வகை. படிகாரம் ஏற்றிய தாளில் மசி பரவாது, நுணுக்கமான கோட்டு வேலைக்கு அது. படிகாரம் ஏற்றாத பச்சைத் தாளில் தொட்டவுடன் பரவும். நாம் பேசுவது இந்தப் பச்சைத் தாளைப் பற்றி. 'ரைஸ் பேப்பர்' என்று கடையில் விற்பார்கள். வாங்குமுன் ஒரு சொட்டு மசி விட்டுப் பாருங்கள். பரவாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழகுவதற்கு அச்சடிக்காத செய்தித்தாள் காகிதம் போதும்.

தூரிகை ஒன்றே ஒன்று வாங்குங்கள். வெள்ளாட்டு மயிர் நீரை நிறையப் பிடிக்கும், ஆனால் துவண்டுவிடும். மரநாய் வகை மயிர் விறைப்பாக நிற்கும், நீர் கொள்ளாது. இரண்டும் கலந்த நடுத்தர அளவே தொடக்கத்துக்கு ஏற்றது. மைக்கட்டியும் உரைகல்லும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். புட்டி மசி இப்போதைக்குப் போதும் என்பது என் எண்ணம். தூய்மைவாதிகள் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. வெள்ளைப் பீங்கான் தட்டு இரண்டு, தண்ணீர்க் கிண்ணம் இரண்டு, ஒன்று கழுவ, ஒன்று கலக்க. தாளுக்கு அடியில் பழைய கம்பளித் துண்டு. வேலை முடிந்ததும் தூரிகையைச் சோப்புப் போடாமல் வெறும் நீரில் கழுவி, நுனி கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். கிண்ணத்தில் நிறுத்தி வைத்தால் நுனி வளைந்துவிடும்.

இந்தக் கரைக்கென்று சில எச்சரிக்கைகள். மசி கலக்கக் குடிநீரைப் பயன்படுத்துங்கள். நம் கிணற்று உவர்நீரின் உப்பு கரித்துகளைத் திரளச் செய்யும். ஆடிக் காற்றில் தாளுக்கு நான்கு மூலையிலும் பாரம் வேண்டும். சீனர்கள் இதற்கென்றே செதுக்கிய பாரக்கட்டை வைத்திருந்தார்கள், நமக்குக் கரையில் பொறுக்கிய கல் போதும். ஐப்பசி, கார்த்திகையில் தாளே காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். அப்போது கோடையில் விட்ட அதே நீரை விட்டால் இறால் நண்டு அளவுக்கு வீங்கிவிடும்.

இறால் என்றேன் அல்லவா, அதை இங்கேயே வரைகிறேன். பின்னால் இருப்பவர்கள் திரையில் பாருங்கள்.

வழக்கமாக முதல் பாடம் மூங்கில். 1679இல் முதல் பகுதி வெளிவந்த 'கடுகுத் தோட்டம்' என்ற பாடநூல் தொகுதி தொட்டு இன்றைய வகுப்புகள் வரை மூங்கில், ஆர்க்கிட், பிளம், சாமந்தி என்ற நான்கும் மாணவருக்குத் தவறாமல் வரும். கையைப் பழக்க மூங்கிலுக்கு இணை இல்லை என்பது உண்மை. தண்டுக்கு ஒரு வீச்சு, கணுவில் ஒரு நிறுத்தம், இலைக்கு அழுத்தித் தூக்குதல். ஆனால் மண்டபத்துப் பிள்ளை மூங்கிலை எங்கே பார்த்தது? பார்க்காததை வரையச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்து நகல் எடுக்கும். அதனால் மூங்கில் வீச்சைச் சில நாள் பழகிவிட்டு இறாலுக்குப் போய்விடுங்கள் என்பேன்.

இறாலுக்கு ஆசான் சி பாய்ஷி. 1864இல் ஹூனானில் ஏழைக் குடியானவர் வீட்டில் பிறந்தவர், இளமையில் தச்சு வேலை செய்தவர், 1957 வரை வாழ்ந்தவர். மேசையில் கிண்ணத்தில் உயிருள்ள இறாலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார். முதுமையில்தான் அவருடைய இறால் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் இறாலானது. வயது ஏற ஏறக் கால்களைக் குறைத்துக்கொண்டே போனார், இறால் இன்னும் உயிரோடு துள்ளியது.

தூரிகையை முழுக்க வெளிர் மசியில் தோய்க்கிறேன். தட்டின் ஓரத்தில் ஒத்தி அதிக நீரை எடுத்துவிடுகிறேன். தலைக்கு ஒரே வீச்சு. இப்போது, அது காயுமுன், தலையின் நடுவே கரும் மசியால் சிறிய கீற்று ஒன்று. பாருங்கள், கருமை உள்ளுக்குள் மெல்லப் பரவுகிறது, ஓரத்தைத் தாண்டவில்லை. ஓட்டுக்குள் இருக்கும் உறுப்பு வெளியே தெரிவதுபோல் ஆகிவிட்டது. சற்று முந்தியிருந்தால் எல்லாம் கலங்கியிருக்கும், பிந்தியிருந்தால் ஒட்டவைத்த பொட்டுப்போல் நின்றிருக்கும். அடுத்து உடல். வளைந்த வீச்சுகள் ஐந்து, ஒன்றன் விளிம்பில் ஒன்று ஏறும்படி. இரண்டு வீச்சும் சேரும் இடத்தில் நூல் அளவு ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது பாருங்கள். அதை நான் வரையவில்லை. முதல் வீச்சின் நீர் பரவி நின்ற எல்லைக்குள் இரண்டாவது மசி புக முடியவில்லை. கணுவும் கணுவும் பிரிந்து தெரிவது அந்தக் கோட்டால்தான். செய்தித்தாள் காகிதத்தில் இது நன்றாக வராது, நல்ல தாளுக்குக் காசு கொடுப்பது இதற்குத்தான். வாலுக்கு மூன்று, அடிக்கால்களுக்குச் சிறு கீற்றுகள். கண் இரண்டும் கரும் மசியில், புள்ளியாக இல்லாமல் பக்கவாட்டில் நீட்டிய சிறு கோடுகளாக. கடைசியில் மீசை. மணிக்கட்டு மேசையைத் தொடக் கூடாது, தோளிலிருந்து இழுக்க வேண்டும், மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள்.

ஒரு விஷயம். சி பாய்ஷி வரைந்தது நன்னீர் இறால். முன்னால் நீண்ட இடுக்கிக் கால்கள் உண்டு. நம் கடல் வெள்ளை இறாலுக்கு அப்படி நீண்ட இடுக்கி கிடையாது. அவர் படத்தை அப்படியே நகல் எடுத்துப் பாம்பன் மீன்காரம்மாவிடம் காட்டினால், "இது எந்தக் குளத்து இறாலுப்பா?" என்று கேட்டுவிடுவார். அவர் சொல்லும் திருத்தம் எந்த ஓவிய விமர்சகரின் திருத்தத்துக்கும் குறைந்ததில்லை.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நான் தண்ணீரை வரையவேயில்லை. இருந்தும் இறால் நீந்துகிறது. 17ஆம் நூற்றாண்டில் பாதா ஷான்ரன் என்று ஒருவர் இருந்தார். மிங் அரச குடும்பத்துப் பிள்ளை, ஆட்சி கவிழ்ந்தபின் பௌத்தத் துறவியாகப் பல ஆண்டுகள் ஒளிந்து வாழ்ந்தவர். வெற்றுத் தாளின் நடுவே ஒற்றை மீனை வரைந்து, கண்ணை மேலே திருப்பி முறைக்கவிடுவார். தாள் முழுக்க அந்த மீனுக்குத் தண்ணீராகிவிடும். அந்த முறைப்பு புது அரசைப் பார்த்து முறைப்பது என்று பலரும் சொல்வதுண்டு. எனக்கு அந்த மீனின் முகத்தில் கொஞ்சம் நகைச்சுவையும் தெரிகிறது.

விடப்பட்ட இடத்துக்கு எல்லோரும் காட்டும் சான்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி மா யுவான் வரைந்ததாகக் கருதப்படும் 'குளிர்கால ஏரியில் தூண்டில்காரன்'. ஏறத்தாழ அரை மீட்டர் அகலமே உள்ள பட்டுத்துணி, அவ்வளவு சிறியது. நடுவே ஒரு சிறு படகு, அதன் ஒரு முனையில் குந்தி உட்கார்ந்து தூண்டிலைப் பார்க்கும் ஒருவன். படகை ஒட்டிச் சில அலைக்கோடுகள். அவ்வளவுதான், மீதி வெறும் பட்டு. ஆனால் தூண்டிலில் நூல் சுற்றும் உருளையைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார். அப்படிப்பட்ட உருளையைக் காட்டும் மிகப் பழைய படங்களில் அதுவும் ஒன்று. மீன்பிடித் தொழிலின் வரலாற்றை எழுதுபவர்கள்கூட இந்த ஓவியத்தைத் தேடி வருவதற்கு அந்த உருளைதான் காரணம். ஒன்றை நுணுக்கமாகச் செய்ததால்தான் மற்றதை விட முடிந்தது. படகும் கோணி, ஆளும் தெளிவில்லாமல் இருந்தால் காலியிடம் ஏரியாகியிருக்காது, முடிக்காத படமாக நின்றிருக்கும். "சும்மா விட்டுவிட்டேன், இதுதான் சீன பாணி" என்று மாணவர்கள் சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன்.

அதே மா யுவானின் பெயரில் நீரை மட்டுமே வரைந்த பன்னிரண்டு ஓவியங்கள் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆளில்லை, பெரும்பாலும் படகுமில்லை. சுழி, சிற்றலை, பேரலை, காற்றில்லா நீர் என்று பன்னிரண்டு விதம். அந்தத் தொகுப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தனுஷ்கோடிதான் நினைவுக்கு வரும். ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்று நம் ஆட்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நடுவே சாலை. பத்து நிமிடம் நடந்தால் இரண்டையும் பார்த்துவிடலாம். பெண்கடலுக்குக் கிடைமட்டமாக நான்கைந்து மெல்லிய கோடுகள், அதுவும் இடையிடையே விட்டு. ஆண்கடலுக்குத் தூரிகையைச் சாய்த்து, உலர்ந்த மசியில், மேலே வெள்ளை தெறிக்கும்படி வேகமாக இழுக்க வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். பத்து தரம் அங்கே போய் நின்று கோடு மட்டும் போட்டு வருபவருக்கு வேறு ஆசிரியர் தேவையில்லை.

"மலையும் நீரும் சேர்ந்ததே நிலக்காட்சி என்கிறார்களே, நம்மிடம் மலை ஏது?" என்று ஒரு மாணவி கேட்டாள். கந்தமாதன பர்வதத்தை மலை என்று சொன்னால் சீனர்கள் சிரிப்பார்கள், அது மணல்மேடு. ஆனால் 11ஆம் நூற்றாண்டின் ஓவியர் குவோ ஷி, தொலைவை மூன்றாகப் பிரித்தார். அடியில் நின்று உச்சியைப் பார்ப்பது, முன்மலைக்குப் பின்னே ஆழத்தைப் பார்ப்பது, சமவெளியில் நேரே தூரத்தைப் பார்ப்பது. மூன்றாவது நமக்கென்றே சொன்னதுபோல் இருக்கிறது. அதில் ஊறியவர் 14ஆம் நூற்றாண்டின் நீ ஸான். அவர் படங்களில் பெரும்பாலும் ஒரே அமைப்புதான். கீழே மெலிந்த மரங்கள் சில, ஆளில்லாத ஒரு குடில், நடுவில் தொடாத நீர்ப்பரப்பு, எதிர்க்கரையில் தாழ்ந்த குன்று. 1372இல் வரைந்த ஓவியம் ஒன்று தைபே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மரங்களுக்குப் பதில் குடைவேலோ இரண்டு பனையோ வையுங்கள், குடிலுக்குப் பதில் ஓலைக் கொட்டகை, குன்று இருந்த இடத்தில் குருசடைத் தீவு. மண்டபம் கரையில் நின்று பார்ப்பது கிட்டத்தட்ட அதுதான். பனை மட்டையைத் தனித்தனி இலையாக வரையாதீர்கள். தூரிகையைப் பாதி உலரவிட்டு, நடுவிலிருந்து வெளியே விசிறி இழுங்கள். மயிர் பிரிந்து இடையில் வெள்ளை விழும். அந்த வெள்ளைதான் ஓலை காற்றில் ஆடுவது.

பாம்பன் பாலத்தை மட்டும் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். எல்லோரும் முதலில் அதைத்தான் வரைய வருகிறார்கள். அளவுகோலை எடுத்துவிடுவீர்கள், பிறகு தூரிகை கீழே போய்விடும்.

நேரம் ஆகிவிட்டது, அவைத்தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அரங்கின் பின்பக்க மேசையில் தாளும் மசியும் வைத்திருக்கிறோம். கேள்வி கேட்க விரும்புவோர் கேளுங்கள், வரைந்து பார்க்க விரும்புவோர் அங்கே போங்கள். ஓர் ஆளுக்கு ஐந்து கட்டமும் ஓர் இறாலும். வெள்ளை வேட்டியில் வந்திருக்கும் பெரியவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். இந்த மசி துணியில் பட்டால் எந்தச் சலவைக்கும் போகாது.